கொறடு பிடித்தவள்

சிங்காரவல்லி வீட்டுக் கொல்லையில் கிடந்த தண்டவாளத் துண்டின்மேல், அடிக்க ஆளே இல்லாமல் சம்மட்டி அடி விழத் தொடங்கியபோது எங்கள் மணல்மேட்டுக்குப்பத்தில் யாரும் பயந்து ஓடவில்லை. கருவாடு காயப்போட்டிருந்த பெண்கள் தட்டியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்கள், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரி தொட்டிலைத் தெருப்பக்கம் மாற்றிக் கட்டினாள், மற்றபடி அவரவர் வேலையை அவரவர் பார்த்தோம். கடலை நம்பிப் பிழைக்கிற ஊரில் விளங்காத சங்கதிகளுக்குக் குறைவில்லை, அதில் ஒன்று கூடினால் குடியா முழுகிவிடும். அடி எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த அடியை வைத்து அவள் செய்ய நினைத்த நங்கூரம், வாடைக்காற்று அடங்குவதற்குள் முடிந்துவிடுமா என்றுதான் கேட்டோம்.

அவள் கணவன் அரசமணியும் அவனுடைய தம்பி கலைவேந்தனும் ஒரே ஃபைபர் படகில் தொழிலுக்குப் போய் வந்தவர்கள். மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு நாள் காற்று திடீரென்று முறுக்கியபோது, போட்டிருந்த நங்கூரத்தின் கை ஒன்று வெல்டிங் வைத்த இடத்தில் விட்டுப்போக, படகு இழுபட ஆரம்பிக்க, கலைவேந்தன் இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள் பாய்ந்து, அந்த மொண்டி நங்கூரத்தைத் தன் கையாலேயே பாறையில் செருகிவிட்டு வருகிறேன் என்று போனவன், போனவன்தான். கயிறு மட்டும் மேலே வந்தது. அரசமணி படகோடு எங்கோ தெற்கே கரை ஒதுங்கி, யாரோ பஸ் ஏற்றிவிட, ஊர் வந்து சேர்ந்தான், படகு பின்னால் லாரியில் வந்தது. அதற்குப் பிறகு அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டதில் எங்களுக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அதே கடைத்தெருவுக்குப் போய், அதே மாதிரி வெல்டிங் வைத்த நங்கூரம் ஒன்றை, கையில் தூக்கிக்கூடப் பார்க்காமல் வாங்கி வந்து படகில் எறிந்துவிட்டு, “வாடை அடங்கட்டும், நான் தனியாப் போயிக்கிறேன்” என்று சொன்னபோது, அது ஏன் என்று எங்களுக்கு உறைக்கவில்லை, சிங்காரவல்லிக்கு மட்டும் உறைத்தது. தம்பியைக் கொன்ற சாமானையே தேடிப்போய் வாங்கி வருகிறவன் அது உடையாமலிருக்க வேண்டும் என்று வாங்கவில்லை. அதை அவனிடம் வாய்விட்டுக் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தாள்.

அதனால், ஒட்டே இல்லாத நங்கூரம் ஒன்று செய்வது என்று முடிவு கட்டினாள். ஒரே இரும்பு, அதன் நுனியை நான்காகப் பிளந்து, நான்கையும் நான்கு பக்கம் வளைத்து விரித்தால் நங்கூரம். அவனே உடையட்டும் என்று நினைத்தாலும் உடையக்கூடாது. உப்புக் கம்பெனியில் பாக்கெட் ஒட்டுகிறவளுக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும்? பக்கத்து ஊர்ப் பட்டறைகளில் கேட்டதற்கு, அப்படியெல்லாம் யார் மெனக்கெடுவார்கள், வெல்டிங் வைத்தே தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். வெல்டிங் என்ற சொல்லைக் கேட்டதுமே அவள் திரும்பி நடந்தாள்.

அப்போதுதான் செல்போனில் ‘உலைமுகம்’ என்ற குழு அவளுக்குக் கிடைத்தது. மண்வெட்டி செய்கிறவர்கள், அரிவாள் செய்கிறவர்கள், வேலைவெட்டி முடித்து வந்து ஆசைக்கு இரும்படிக்கிறவர்கள் என்று பல ஊர்க்காரர்கள், கடல் தாண்டியும் சிலர். புதிதாக நுழைகிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியத்தையே அவளும் செய்தாள்: வணக்கம்கூடச் சொல்லாமல், ‘நங்கூரம் செய்வது எப்படி? அவசரம்’ என்று போட்டாள். அன்று முழுக்க ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள், கிளிநொச்சியில் மண்வெட்டிப் பட்டறை வைத்துக்கொண்டு அந்தக் குழுவையும் நடத்துகிற தவமலர் குரல்பதிவு அனுப்பினாள்.

“தங்கச்சி, முதல்ல நீங்கள் ஆரெண்டு சொல்லுங்கோ. எந்த ஊர், என்ன இரும்பு, ஆருக்காகச் செய்யிறியள் எண்டு சொல்லுங்கோ. பிறகு பழைய பதிவுகளைப் பொறுமையா வாசியுங்கோ. நீங்கள் கேக்கப்போறதை உங்களுக்கு முன்னம் வந்தவை எத்தினையோ தரம் கேட்டிருப்பினம்.”

சிங்காரவல்லி ஊர்ப் பெயரைச் சொன்னாள். இரும்பு என்ற இடத்தில் ‘கம்பி’ என்றும், யாருக்கு என்ற இடத்தில் ‘வீட்டுக்கு’ என்றும் எழுதினாள். பழைய பதிவுகளை வாசிக்கவில்லை. காற்று நாளுக்கு நாள் தணிந்துகொண்டே வரும்போது உட்கார்ந்து வாசிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. அதை அவர்கள் யாரும் அதிசயம் என்று சொல்லிக்கொள்வதில்லை. பெரிய இரும்பை ஒரே ஆளாக அடிக்க முடியாது. ஒருவர் சூடான இரும்பைக் கொறட்டால் பிடித்துக்கொண்டு சின்னச் சுத்தியலால் இடம் காட்ட, எதிரே நிற்கிறவர் அந்த இடத்தில் சம்மட்டியைப் போட வேண்டும். தனியாளாக இருப்பவர்கள் அதிகம் இருந்த அந்தக் குழுவில், ஒருவர் உலை மூட்டிவிட்டு ‘ஆள் வேண்டும்’ என்று எழுதினால், வேறு ஊரில் இருக்கும் ஒருவர் ‘நான்’ என்று பதில் போட்டுவிட்டுத் இரும்பை வைத்து அடிக்கிற தன் பட்டடை முன்னால் போய் நிற்பார். இவர் சுத்தியலால் தட்டுகிற தட்டு அவருடைய பட்டடையில் கேட்கும், அவர் ஓங்கிப் போடுகிற அடி இவருடைய இரும்பில் விழும். இது எப்போது ஆரம்பித்தது என்று தவமலருக்கே நினைவில்லை. யாருடைய அடி எப்படி விழும், யாரைக் காலையில் கூப்பிடலாம், யார் கோபத்தில் இருந்தால் கூப்பிடக்கூடாது என்பதெல்லாம்தான் அங்கே பேச்சு.

சிங்காரவல்லிக்கு ‘நான்’ என்று பதில் போட்டவர் எபநேசர். தெற்கே பனைவிளையில் பாளை சீவுகிற அரிவாள் அடிக்கிறவர். அதிகம் எழுதமாட்டார். அவள் சீமைக்கருவேலங்கரியைக் கொட்டி, பழைய ஃபேனை வைத்துக் காற்றூதி, காயலான் கடையில் வாங்கிய இரும்பைச் சிவக்கவைத்து, கம்பியென்றால் தண்ணீரில் முக்கலாம் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு குடம் கடல்தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு, மீண்டும் தண்டவாளத்தின்மேல் வைத்து இடம் காட்டினாள். ஒரே அடி. இரும்பு இரண்டாகப் போய் விழுந்தது.

“அண்ணே, என் இரும்ப ஒடச்சிட்டீங்களே” என்று அழுதுகொண்டே பேசி அனுப்பினாள்.

‘கரையில் உடைந்தது நல்லது’ என்று எழுதினார் எபநேசர். சற்று நேரம் கழித்து, ‘இது கம்பி இல்லை, லாரி அச்சு. தண்ணீர் பட்டால் உள்ளுக்குள் விரிசல் விட்டுவிடும். சாம்பலில் புதைத்து ஆறவிட வேண்டும். நங்கூரம் யாருக்கு?’ என்று எழுதினார்.

அன்றைக்குத்தான் அவள் உண்மையை எழுதினாள். கலைவேந்தன் போனது, கயிறு மட்டும் மேலே வந்தது, கணவன் உடைகிற நங்கூரத்தைத் தேடி வாங்கி வந்து படகில் போட்டிருப்பது, அதை அவனிடம் கேட்கத் தைரியம் இல்லாதது எல்லாவற்றையும், அடுப்பில் சோறு குழைந்துபோவதைக்கூடக் கவனிக்காமல், ஒரு பிற்பகல் முழுக்க ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினாள். எங்களிடம் சொல்லாததை முகம் தெரியாத அவர்களிடம் சொன்னாள் என்று எங்களில் சிலருக்கு இன்றைக்கும் வருத்தம்தான். குழுவில் அதற்கு ஒருவரும் ஆறுதல் எழுதவில்லை. மறுநாள் காலையில் அவள் வேறொரு அச்சை வாங்கி வந்து உலை மூட்டி ‘ஆள் வேண்டும்’ என்று போட்டபோது, ‘நான்’, ‘நான்’ என்று செல்போன் ஓயாமல் சிணுங்கிக்கொண்டே இருந்தது.

நுனியை உளி வைத்துப் பிளக்க ஆளுக்கொரு நாள் அடித்துக் கொடுத்தார்கள். கைகளை விரிக்கிற வேலைக்கு மட்டும் ஒருவரே நின்றால்தான் அடி ஒரே சீராக இருக்கும் என்று தவமலர் சொல்ல, எபநேசர் ஏற்றுக்கொண்டார். அவர் அடி நிதானமான அடி. ஓங்கும்போது அவசரம் இல்லை, விழும்போது தயக்கம் இல்லை. முதல் கை விரிந்தது. சில நாட்களில் இரண்டாவது கையும் விரிந்தது. அரசமணி வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான், கொல்லைப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, மனைவி என்ன செய்கிறாள் என்று கேட்பதுமில்லை. நாங்கள்தான் வேலிக்கு வெளியே நின்று, கை எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறது என்று பார்த்துப் பேசிக்கொள்வோம்.

இரண்டாவது கையை நிமிர்த்திச் சரிபார்த்துக்கொண்டிருந்த அன்று காலையில், சிங்காரவல்லி தற்செயலாகத் தலையைத் தூக்கியபோது, அரசமணி மண்ணெண்ணெய் கேனைத் தூக்கிக்கொண்டு படகை நோக்கி நடந்துகொண்டிருந்தான். காற்று இன்னும் அடங்கியிருக்கவில்லை. அவள் கொறட்டைப் போட்டது போட்டபடி மணலில் விழுந்தடித்து ஓடினாள். அவன் கேனைப் படகில் வைத்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தான். அவள் அவன் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். கொல்லைக்குத் திரும்பியபோது இரும்பு கறுத்துப்போயிருந்தது, அதன்மேல் அடி இன்னும் விழுந்துகொண்டிருந்தது. எபநேசர் அண்ணன் பார்த்து நிறுத்திக்கொள்வார் என்று நினைத்து, நங்கூரத்தைச் சாம்பலில் புதைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போனாள். அவள் சோறு வடித்தபோதும் அடி கேட்டது, பாத்திரம் கழுவியபோதும் கேட்டது.

மாலையில் எபநேசருடைய செல்போனிலிருந்து அவர் மனைவி ஜெபக்கனி எழுதியிருந்தாள். காலையில் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் பனைவிளையில் அவரைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அடி மட்டும் நிற்கவில்லை. சிங்காரவல்லியின் தண்டவாளத்தில் விழுந்தது, கிளிநொச்சியில் தவமலரின் பட்டடையில் விழுந்தது, குழுவில் யாரெல்லாம் இருந்தார்களோ அவர்களுடைய பட்டடையிலெல்லாம் அதே நிதானத்தோடு விழுந்தது. அவர்கள் ஒரு நாள் வேலையை நிறுத்தித் துக்கம் காத்தார்கள். பிறகு, அடி அதன் பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்க எத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று கரூர்ப்பக்கத்துக்காரர் ஒருவர் தன் கோடரியை அதில் காட்டி அடித்துக்கொள்ள, அடுத்தவர் கடப்பாரையைக் காட்ட, செத்தவர் கையில் வேலை வாங்குவது நியாயமா என்று ஒரு சாராரும், வேலை செய்துகொண்டே இருப்பதுதான் அவருக்குப் பிடிக்கும் என்று இன்னொரு சாராரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். எங்கள் குப்பத்திலும் அதற்குப் பழகிவிட்டோம். பிள்ளைகள் அந்தத் தாளத்துக்கு வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். வலை பின்னுகிறவர்கள் ஒரு அடிக்கு ஒரு முடிச்சு என்று போட்டார்கள். கைக்குழந்தை அந்தச் சத்தம் இருந்தால்தான் தூங்கியது.

தவமலர்தான் கடைசியில் கேட்டாள். “அண்ணை கடைசியா ஆருக்கு அடிச்சுக்கொண்டு நிண்டவர்? அந்தக் கொறடு பிடிச்ச ஆள் நிப்பாட்டாமல் இது நிக்காது. உலையை விட்டு எழும்பேக்குள்ள, இரும்பில தட்டாமல் வெறும் பட்டடையில ஒருக்காத் தட்டிப்போட்டு எழும்போணும். சம்மட்டிக்காரர் தானா நிப்பாட்டக்கூடாது, அது தொழில் மரியாதை. பழைய பதிவுகளில இதைத்தான் முதல்ல எழுதி வைச்சிருக்கிறம்.”

சிங்காரவல்லி அதைக் கேட்டுவிட்டுச் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். அன்று படகை நோக்கி ஓடியபோது அவள் வெறும் பட்டடையில் தட்டியிருக்கவில்லை. சுத்தியலைக் கையில் எடுத்து, தண்டவாளத்தின் வெறும் முகத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு அவள் பார்வை சாம்பலுக்குப் போனது. இரண்டு கை விரிந்திருக்கிறது, இரண்டு கை பாக்கி. கடல் அன்றைக்குக் காலையில் கிட்டத்தட்ட அடங்கிவிட்டிருந்தது. அவள் நங்கூரத்தை எடுத்து உலையில் வைத்தாள். செத்துப்போனவருடைய அடியில் மூன்றாவது கையை விரித்தாள். அடியில் ஒரு மாற்றமும் இல்லை. சுத்தியல் எந்த இடத்தைத் தொட்டதோ அதே இடத்தில், ஒரு நூல்கூட விலகாமல் விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவள், “மன்னிச்சிக்குங்கண்ணே, மன்னிச்சிக்குங்கண்ணே” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்காவது கைக்கு உலை மூட்டிக்கொண்டிருந்தபோது ஜெபக்கனி கூப்பிட்டாள்.

“பனைவிளையிலேருந்து பேசுதேன்க்கா. எபநேசர் வீட்டுக்காரி. நீங்கதான நங்கூரம் செய்யுத அக்கா?”

“ஆமா தாயி” என்றாள் சிங்காரவல்லி.

“ஒங்களக் கொற சொல்லதுக்குக் கூப்பிடலக்கா. அவியளுக்கு நெஞ்சுவலி ரொம்ப நாளா உண்டு. சம்மட்டியத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிதான் இருந்தாவ, அவியதான் கேக்கல. ஒங்க நங்கூரத்தப் பத்தி என்கிட்ட சொல்லுவாவ. ஒரு மனுசன் கரையேறணும்ட்டின்னு சொல்லுவாவ.” பின்னணியில் அடி கேட்டது. அதே நேரத்தில் சிங்காரவல்லியின் காலடியிலும் அதே அடி விழுந்தது. “ஆனா எனக்கு அழுக வரமாட்டேங்குக்கா. சத்தம் கேட்டவொடனே அவிய உள்ள வேல பாக்காவன்னு நெனச்சி டீ போட்டுருதேன். எடுத்துட்டுப் போயி பட்டற வாசல்ல நிக்கேன். சம்மட்டி தன்னால ஏறி எறங்குது. டீ ஆறிப் போவுது. திரும்பி வந்து மறுபடியும் டீ போடுதேன். தெனமும் இதேதான் செய்யுதேன்.”

சிங்காரவல்லி, இன்னும் ஒரு கைதான் பாக்கி, ஒரே ஒரு கை என்று சொல்ல வாயெடுத்தாள். வீட்டுக்குள் அரசமணியின் முதுகு தெரிந்தது. உலையில் இரும்பு சிவந்துகொண்டிருந்தது, எடுத்து வைத்தால் போதும், ஒரு சூட்டில் முடிந்துவிடும் வேலை. அந்தப் பக்கம் ஜெபக்கனி எதுவும் கேட்காமல் காத்திருந்தாள். எத்தனை டம்ளர் டீ அங்கே ஆறிப்போய்க் கிடக்கிறதோ என்று நினைத்தாள் சிங்காரவல்லி.

“போன வச்சிராத தாயி” என்றாள். “நிறுத்திர்றேன். இப்பவே நிறுத்திர்றேன்.”

இரும்பை உலையிலிருந்து எடுத்துச் சாம்பலில் புதைத்தாள். சுத்தியலை எடுத்து, தண்டவாளத்தின் வெறும் முகத்தில், தூங்குகிற பிள்ளையை எழுப்புவதுபோல் மெதுவாக ஒரு தட்டு தட்டினாள். அடுத்த அடி வரவில்லை. செல்போனில் ஏதோ கனமான பொருள் மண்தரையில் சாய்ந்து படுக்கிற சத்தம் கேட்டது. அதன் பிறகு வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் ஜெபக்கனி அழுதாள். அடி குறுக்கிடாத அழுகை, நீளமாக, மூச்சு முட்டுகிற வரைக்கும் அழுதாள். சிங்காரவல்லியும் இந்தப் பக்கம் உட்கார்ந்து கூடவே அழுதாள். ஒருவரையொருவர் பார்த்திராத அந்த இரண்டு பெண்கள் அழுது முடிக்கிற வரைக்கும் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

சத்தம் நின்றதும் எங்கள் குப்பமே நிமிர்ந்து பார்த்தது. கைக்குழந்தை விழித்துக்கொண்டது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்களுக்கு அடுத்த முடிச்சு எப்போது போடுவது என்று தெரியவில்லை. வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அரசமணி தலையைத் திருப்பினான். எழுந்தான். கொல்லைக்கதவைத் திறந்துகொண்டு, தம்பி போனதிலிருந்து முதல் தடவையாக அந்தப் பக்கம் வந்தான்.

“என்ன புள்ள, சத்தத்தக் காணும்?”

“நிறுத்திட்டேன்.”

“வேல முடிஞ்சிதா?”

“இல்ல. ஒரு கை பாக்கி.”

அவன் குனிந்து சாம்பலைக் கட்டையால் விலக்கிப் பார்த்தான். மூன்று கைகள் விரிந்திருந்தன, நான்காவது தண்டோடு ஒட்டிப் படுத்திருந்தது. கட்டையால் ஒவ்வொரு கையின் அடியையும் தட்டிப் பார்த்தான், சுற்றி வந்து இன்னொரு பக்கமிருந்து பார்த்தான், வெல்டிங் எங்கே என்று தேடுகிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

“ஒட்டே இல்லியே” என்றான்.

“இல்ல. ஒரே இரும்பு.” பிறகு, இத்தனை நாள் சொல்லாததைச் சொன்னாள். “ஒடையிறதத்தான தேடிப் போயி வாங்கியாந்து போட்டிருக்கீங்க, எனக்குத் தெரியும். எனக்கு நீங்க வேணும். அதான் இத செய்யிறேன். இதுக்காவ ஒரு மனுசன் செத்துப் போயிட்டாரு. இனிமே அடிக்க வேற ஆளக் கூப்புட மாட்டேன்.”

அரசமணியின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தாடியில் தங்கியது, அதை அவன் துடைக்கவில்லை. வேலியோரமாக ஒரு சம்மட்டி சாய்ந்திருந்தது. ஆரம்பத்தில் அவள் ஆசையாக வாங்கி, தூக்க முடியாமல் போட்டுவைத்து, உப்புக்காற்றில் துருவேறிப்போனது. அவன் அதன் பக்கம் போய்க் காம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். வலை இழுத்த கைக்கு அது ஒரு கனமாகத் தெரியவில்லை.

“சூடு ஏத்து” என்றான். “எங்க அடிக்கணும்னு சொல்லு.”

அவள் நங்கூரத்தை உலையில் வைத்து ஃபேனைப் போட்டாள். கரி கனன்றது, இரும்பு கறுப்பிலிருந்து சிவப்புக்கு வந்தது. கொறட்டால் பிடித்துத் தண்டவாளத்தின்மேல் வைத்தாள். அவன் எதிரே வந்து நின்று சம்மட்டியை ஓங்கினான். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

“அடிக்கிறத அப்பறம் சொல்றேன். மொதல்ல நிறுத்துறது எப்புடின்னு கேட்டுக்குங்க.”